பிள்ளைகளின் எடை: அரசு எந்தத் தட்டில்?

தில்லி செங்கோட்டையில் 2025 ஆகஸ்ட் 15 அன்று ஆற்றிய சுதந்திர தின உரையில் பிரதமர் நரேந்திர மோடி கூறிய பலவற்றுள் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்ப்பது அவசியம். உடல் பருமன் நாட்டை அச்சுறுத்தும் பிரச்னையாக வளர்ந்து வருகிறது. ஒவ்வொரு குடும்பமும் சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைத்து வாங்க வேண்டும் என்பது ஒன்று. சரக்கு மற்றும் சேவை வரிச் சீர்திருத்தம் தீபாவளிப் பரிசாக வரும் என்பது மற்றொன்று.

மூன்று வாரங்கள் கழிவதற்குள், செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அந்தப் பரிசை அறிவித்தது. பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், நூடுல்ஸ், பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றின் மீதான வரி 5 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கரை கலந்த குளிர்பானங்களை 40 சதவீத வரிப் பிரிவில் வைத்ததும், பொட்டலப் பனீருக்கு வரியை அறவே நீக்கியதும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும், குடும்பங்களைக் கட்டுப்பாடாக உண்ணச் சொன்ன அரசே, பள்ளிப் பிள்ளைகள் அதிகம் நாடும் பண்டங்களின் விலை குறையவும் வழி செய்தது. இந்த முரண்பாட்டின் சுமை கடைசியில் போய்ச் சேருவது, வளரும் பருவத்துப் பிள்ளைகளின் தலையில்தான்.

அந்தச் சுமையை அறிந்துகொள்ள, மகாராஷ்டிரத்தின் புணே நகரை ஒட்டியுள்ள சாங்வியைப் பார்க்கலாம். பவனா, முளா ஆறுகள் கூடும் பகுதியில் இருந்த வேளாண் கிராமம் இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் நெரிசல் மிகுந்த குடியிருப்புப் பகுதி. தொழிற்சாலைகளையும் மென்பொருள் நிறுவனங்களையும் நம்பி வந்து குடியேறியோர் வாழும் இதுபோன்ற புறநகர்களில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வதும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேரே தனிப்பயிற்சிக்குச் செல்வதும் இயல்பு. விளையாடத் திடல் குறைவு. தின்பண்டக் கடைகளுக்குக் குறைவில்லை. சென்னையின் வேளச்சேரிக்கும் கோவையின் சரவணம்பட்டிக்கும் இது பொருந்தும்.

இவ்விடங்களில் வளரும் சிறுவனோ சிறுமியோ சற்றுப் பருத்திருந்தால் வகுப்பில் கேலிப் பெயர். மெலிந்திருந்தால் உறவினர் வீட்டு விசேஷத்தில் 'ஒல்லிப்பிச்சான்' என்ற பட்டம். உடலைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நம் சமூகம் அன்பின் அடையாளமாகவே கருதி வந்திருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்லப்படும் அத்தகைய தீர்ப்புகளுக்கு அறிவியல் ஆதாரம் குறைவு என்பதை உலகுக்கு உணர்த்தியதில் புணே நகருக்குப் பெரும் பங்கு உண்டு.

புணே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் தலைமையிலான குழு 1993-இல், புணேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து ஆராயத் தொடங்கியது. அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; ஒப்பிடப்பட்ட இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரக் குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தபோதிலும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. 'மெலிந்த கொழுப்பு' என்று சொல்லத்தக்க இந்த உடலமைப்பே பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடமளிக்கிறது என்பது அவரது கருத்து. 2004-இல் 'லான்செட்' இதழில் அவரும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கினும் தங்கள் படங்களையே வெளியிட்டனர். இருவரின் உடல் நிறைக் குறியீடும் ஒன்றே: 22.3. ஆனால், பிரிட்டிஷ் மருத்துவரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; இந்திய மருத்துவரின் உடலில் 21.2 சதவீதம்.

அதே புணேயில் ஜஹாங்கீர் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர் டாக்டர் வாமன் காடில்கர் முதன்மைப் பங்காற்ற, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 18 வயது வரையிலான இந்தியப் பிள்ளைகளுக்கான வளர்ச்சி அட்டவணையை 2015-இல் திருத்தி வெளியிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, வயதுவாரியாக வரையப்பட்ட கோடுகள் அதில் உள்ளன. பெரியவர்களின் உடல் நிறைக் குறியீட்டில் 23, 27 ஆகிய அளவுகளுக்கு நிகரான கோடுகளே பிள்ளைகளின் கூடுதல் எடைக்கும் பருமனுக்கும் எல்லைகள். பன்னிரண்டு வயதில் கவலைக்குரிய அளவு பதினாறு வயதில் இயல்பானதாக இருக்கக்கூடும். கண்ணாடியோ, கைப்பேசித் திரையில் தெரியும் நடிகரோ இந்தக் கணக்கைச் சொல்ல இயலாது.

எல்லாப் பிள்ளைகளிடமும் 'எடையைக் குறை' என்று ஒரே குரலில் சொல்வதும் ஆபத்தானது. மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயது வரையிலானோரில் 24 சதவீதத்தினர் வயதுக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். கூடுதல் எடையோ பருமனோ உடையவர்கள் 5 சதவீதத்தினர். ஒரே வகுப்பறையில் இவ்விரு பிரிவினரும் அமர்ந்திருக்கின்றனர். பருமனுக்கு எதிரான பிரசாரம், ஏற்கெனவே அரை வயிறு உண்ணும் மாணவியை மேலும் பட்டினி போட்டுவிடக் கூடாது.

வளரிளம் பருவத்தில் ஆரோக்கியமான எடைக் குறைப்பு என்பது பெரியவர்களின் 'டயட்' அல்ல. பெரியவராகும்போது இருக்கும் எடையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில்தான் சேர்கிறது. எலும்பு உறுதி பெறுவதும் இப்போதுதான். எனவே, கூடுதல் எடையுள்ள பல பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் கூறும் முதல் இலக்கு, எடை மேலும் ஏறாமல் நிறுத்தி உயரம் வளர விடுவதே. காலை உணவைத் தவிர்ப்பது, ஒரே காய்கறியை வாரக்கணக்கில் உண்பது போன்றவை சோர்வையும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்க் கோளாறையும் கொண்டுவரக்கூடும். குடும்பம் முழுவதும் ஒரே சமையலை உண்பது, இனிப்புப் பானத்தை விடுவது, போதிய உறக்கம், உலக சுகாதார அமைப்பு கூறும் நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு ஆகியவையே பாதுகாப்பான வழி. பிள்ளை உணவை அறவே ஒதுக்கினாலோ, உண்டதை வலிந்து வாந்தி எடுத்தாலோ, தனிமையை நாடினாலோ அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

இத்தனை எளிய வழிகள் இருந்தும் குறுக்கு வழிகளின் சந்தை பெருகுவதற்குக் காரணம், அவமானம். உடற்பயிற்சிக் கூடத்துச் சிறுவனுக்குப் புரதப் பொடி விற்கப்படுகிறது; தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலோ, உடலைத் தேற்ற அத்தகைய பொடிகளைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. எடை குறைக்கும் ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. நோயுற்ற பெரியவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் பயன் தரும் இம்மருந்துகள், கேலிக்கு அஞ்சும் பிள்ளைகளின் கைக்கு முறைகேடாகச் சென்று சேராமல் தடுப்பது கட்டுப்பாட்டு அமைப்புகளின் பொறுப்பு.

சட்டங்களே இல்லை என்று சொல்வதற்கில்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளியிலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்பதற்கு 2020-ஆம் ஆண்டு விதிமுறை தடை விதிக்கிறது. எந்தப் பள்ளி வாசலில் வேண்டுமானாலும் நின்று பார்த்தால் அதன் நிலை புரியும். சர்க்கரையின் அளவை விளக்கும் பலகைகளை வைக்குமாறு 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. பலகை நல்லதுதான், ஆனால் அது மீண்டும் மாணவனுக்கே அறிவுரை கூறுகிறது, உற்பத்தியாளருக்கு அல்ல.

உற்பத்தியாளரிடம் கேட்க வேண்டியதை அரசு கேட்கத் தயங்குகிறது. உணவுப் பொட்டலத்தின் முகப்பில் நட்சத்திரக் குறியீடு இடுவதற்கான வரைவை 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டது. நட்சத்திரம் என்பது பாராட்டுச் சின்னம், எச்சரிக்கை அல்ல என்று மருத்துவ வல்லுநர்கள் எதிர்த்தனர். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு 2025 ஏப்ரலில் மூன்று மாத கெடு விதித்தது. பின்னர் அவகாசமும் நீட்டிக்கப்பட்டது. தென் அமெரிக்க நாடான சிலி 2016-லேயே கருப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கி, அத்தகைய பொட்டலங்களில் குழந்தைகளைக் கவரும் கேலிச்சித்திரங்களையும் தடை செய்துவிட்டது.

உருவத்தைத் திருத்தி விற்கும் விளம்பரங்களும் இதனுடன் பிணைந்தவை. வணிக விளம்பரங்களில் மாடல்களின் உடலமைப்பு திருத்தப்பட்டிருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று 2017-இல் பிரான்ஸும், 2022-இல் நார்வேயும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில், 18 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் இணைய விளம்பரங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம் தரப்பட்டது.

உணவு என்பது குடும்பத்தின் பொறுப்பு, அரசு அடுப்படிக்குள் நுழையலாமா என்ற வாதம் எழலாம். வரிக்குறைப்பால் ஏழைக் குடும்பத்துக்கு நாலு காசு மிச்சம் என்பதும் மறுக்க இயலாத உண்மை. ஆனால், பொட்டலத்தில் இருப்பது என்னவென்று தெரியாத தாயிடம் பொறுப்பை மட்டும் ஒப்படைப்பது நியாயமாகாது. மிச்சமாகும் அந்தக் காசு பயறுக்கும் பழத்துக்கும் பாலுக்கும் செல்லும் வகையில் வரியை அமைக்க ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

நாடாளுமன்றத்தில் இதுபோன்ற கேள்விகளுக்குச் சுகாதார அமைச்சகம் அளிக்கும் பதில்கள் பெரும்பாலும், 'பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை' என்றே தொடங்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய சட்டம், தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாறே, ஜி.எஸ்.டி. கவுன்சிலின் தலைவர் மத்திய நிதியமைச்சர். மாநிலங்களுக்கும் பொறுப்பு உண்டு. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் கூறியதை எத்தனை பள்ளிகள் நிறைவேற்றின என்று சட்டப்பேரவைகளில் கேட்கப்பட வேண்டும்.

தமிழக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்பத்தக்க கேள்விகள் மூன்று: எச்சரிக்கை முத்திரை எந்தத் தேதியில் வரும்? 50 மீட்டர் விதியை மீறிய எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது? அடுத்த வரித் திருத்தத்தில் சத்துணவுக்கும் தின்பண்டத்துக்கும் வேறுபாடு காட்டப்படுமா? சாங்வியிலும் சரவணம்பட்டியிலும் கண்ணாடி முன் நின்று தன்னை நொந்துகொள்ளும் பிள்ளைக்கு அரசு தரக்கூடிய முதல் ஆறுதல், இக்கேள்விகளுக்குத் தேதியுடனும் எண்ணிக்கையுடனும் கூடிய பதிலே.