பானை சுமந்த பெண்



அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலுள்ள சான் இல்டிஃபொன்சோவில் 1905இல் எட்வர்ட் கேர்ட்டிஸ் என்பவர் ஓர் இளம்பெண்ணைப் படம்பிடித்தார். புவெப்லோ எனப்படும் பூர்வகுடிப் பெண் அவள். தலையில் பாம்புச் சித்திரம் தீட்டிய மண்பானை. படத்தின் தலைப்பு ‘பெண்ணும் பானையும்’. பானைக்குத் தலைப்பில் இடமிருந்தது, அவள் பெயருக்கு இல்லை.

இம்மக்கள் மறைந்துவிடுவார்கள் என்றெண்ணியே கேர்ட்டிஸ் 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளை வெளியிட்டார். அவர்கள் மறையவில்லை. நியூ மெக்சிக்கோவில் மட்டும் 19 புவெப்லோ சமூகங்கள் இன்றும் வாழ்கின்றன.

பதிப்புரிமைக் காலம் முடிந்ததால் யாரும் அந்தப் படங்களை அச்சிட்டு விற்கலாம். வாங்குவோர் வரவேற்பறை அழகுக்கென்று மாட்டுகிறார்கள். சட்டப்படி பிழையில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அம்மாவோ அண்ணாவோ. யாரென்று கேட்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும். அதனாலோ என்னவோ, இது எனக்கு நெருடுகிறது.

மாட்டவே கூடாதென்று சொல்லமாட்டேன். ஊர், ஆண்டு, எடுத்தவர், தெரிந்தால் அவள் பெயர் ஆகியவற்றைப் படத்தின் கீழ் எழுதி வைக்கலாமே. சடங்குப் படங்களை மட்டும் விட்டுவிட வேண்டும். அரிசோனாவின் ஹோப்பி மக்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமது சடங்குகளைப் படமெடுக்கத் தடை விதித்தார்கள். பல புவெப்லோ ஊர்களில் இன்றும் அனுமதி பெறாமல் கமெராவை வெளியே எடுக்க முடியாது.