கம்பத்தைத் தட்டினால் என்ன குற்றம்?

ஊர் அணிக்கு கோல்கீப்பராக நின்றவன் நான். என் பேச்சில் ஒருதலைப்பட்சம் இருக்கும், இருக்கட்டும். கோலின் அகலம் 7.32 மீட்டர், பெனால்டி உதையில் பந்து இருப்பது 11 மீட்டரில். உதைத்த பிறகு பார்த்துப் பாய்ந்தால் ஓரமாக வேகத்தோடு வரும் பந்து கைக்கு எட்டாது. உதைப்பவரின் மனதை முன்பே படித்தாக வேண்டும்.

2006 உலகக் கோப்பை காலிறுதி, பெர்லின். அர்ஜென்டினா வீரர்கள் எந்தப் பக்கம் உதைப்பார்கள் என்று பயிற்சியாளர் கோப்கே எழுதித் தந்த துண்டுச்சீட்டு ஜெர்மனி கோல்கீப்பர் லேமனிடம் இருந்தது. கடைசியாக வந்த கம்பியாசோவின் பெயர் அதில் இல்லை. லேமன் விடவில்லை. காலுறையிலிருந்து சீட்டை எடுத்தார், சாவகாசமாகப் பார்த்தார், திரும்பச் செருகினார். பந்தையும் தடுத்தார். அந்த நடிப்புக்கே தனிக் கோப்பை தரலாம்.

உதைக்கும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு காலின் பகுதியாவது கோல் கோட்டின் மீதோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும் என்பது விதி. நியாயம்தான், முன்னே பாய்ந்தால் உதைப்பவருக்குக் கோணம் குறுகிவிடும். ஆனால், கட்டுப்பாடு அதோடு நிற்கவில்லை. 2022 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் பந்தைத் தூக்கியெறிந்து பிரான்ஸின் சுவாமெனியை அலையவிட்டார். சுவாமெனி வெளியே அடித்தார். மறு ஆண்டே திருத்தம் வந்தது: கவனத்தைக் கலைக்க கோல்கீப்பர் தாமதம் செய்யக் கூடாது, கம்பத்தையோ வலையையோ தொடக் கூடாது. உதைப்பவரோ ஓடிவரும்போது தயங்கித் தயங்கி ஏமாற்றலாம்! தாமதத்துக்கு மஞ்சள் அட்டை காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கம்பத்தைத் தட்டுவதையாவது எங்களுக்கு விட்டுவையுங்கள்.