விஸ்காம் என்றால் அவ்வளவு இளப்பமா?

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேரன் பேத்தி படிப்பைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. இன்ஜினியரிங் என்றால் தலை ஆடும். பி.காம். என்றால், "பரவாயில்லை, பேங்க் பரீட்சை எழுதலாம்" என்பார்கள். விஸ்காம் என்று சொல்லிப் பாருங்கள். "ஏன் சார், மார்க் வரலையா?" என்று கேட்பார்கள். கல்யாண வீட்டில் கேமரா பிடிக்க மூன்று வருஷம் படிக்கணுமா என்று ஒரு சிரிப்பு வேறு.

இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தகவல் தொடர்பை ஒரு பட்டப்படிப்பாகப் படிப்பது வீண் என்று வேறு ஊர்க்காரர் சொன்னால் போகட்டும் என்று விடலாம். திருச்சிக்காரர் சொல்லக் கூடாது.

காரணம் இருக்கிறது. நம் திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தபோது, அதைப் பற்றித் தஞ்சை மாவட்ட விவசாயிகளுக்கு விடாமல் எடுத்துச் சொன்னது இந்த நிலையத்தின் பண்ணை ஒலிபரப்புதான். அந்த நெல்லுக்கு ஜனங்கள் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. விதை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. ஆனால் அது வயலுக்குப் போய்ச் சேர்ந்தது, குடியானவருக்குப் புரிகிற பேச்சில் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து சொன்னதால். அந்தச் சொல்லும் வேலைதான் இந்தப் படிப்பு.

அது சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும்? 2005-ல் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி உறையூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நாம் மறக்கவில்லை. இன்றைக்கும் வெள்ள எச்சரிக்கை எப்படி வருகிறது? "விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்." கனஅடியை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி என்ன செய்வாள்? என் தெருவுக்குத் தண்ணீர் வருமா, எத்தனை மணிக்கு வரும், நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்குவது? அவளுக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். கணக்கு தெரிந்த இன்ஜினியர் இருக்கிறார். அந்தக் கணக்கைப் பாட்டிக்குச் சொல்லத் தெரிந்தவர்தான் இல்லை.

அலுவலகக் கடிதங்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், ஆயுசில் பாதி அதிலேயே போயிற்று. "பார்வையில் காணும் மனு பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளதால் உரிய ஆவணங்களுடன் மீள விண்ணப்பிக்குமாறு தெரிவிக்கப்படுகிறது." குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்த அம்மாவுக்கு இப்படி ஒரு கடிதம் போனால், அவர் பஸ் ஏறி மறுபடியும் வருவார், என்ன ஆவணம் என்று கேட்க. "வாரிசுச் சான்று இல்லை, தாலுகா ஆபீசில் வாங்கி அனுப்புங்கள்" என்று எழுதினால் எந்த விதி கெட்டுப்போகும்?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே 'ரெஸ்யூமே' என்று ஒரு பயிற்சி உண்டு. இரண்டு பக்கத்தை அர்த்தம் கெடாமல் பத்து வரியில் எழுத வேண்டும். அப்படிப் பழக்குகிற அந்த நாட்டிலேயே அரசாங்கக் கடிதம் ஜனங்களுக்குப் புரியவில்லை என்று, 2001-ல் அலுவலக மொழியை எளிமையாக்க அரசே ஒரு குழு அமைத்தது. நாம் 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவந்தோம். ஆங்கிலத்தின் இடத்துக்குத் தமிழ் வந்தது, புரியாமை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பெரியவர்களோடு போட்ட சண்டை முடிந்தது. இனி கல்லூரிகளோடு. இந்தப் படிப்பை இளப்பமாக்கியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. விளம்பரத்தைப் பாருங்கள்: கேமரா, கிளாப் போர்டு, சினிமா டைரக்டர் கனவு. பிள்ளைகள் கனவோடு சேருகிறார்கள், தகப்பன் கடன் வாங்கிக் கட்டுகிறான். கேமராவை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். அதுவும் நாலு வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல தமிழில் நாலு வரி தெளிவாக எழுதுவதும், எதிராளி சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பதும் அப்படிப் பழசாகாது. மூன்று வருஷமும் அதற்குத்தான் போக வேண்டும்.

என் யோசனை இது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு தெருவைக் கொடுங்கள். உறையூரில் சுருட்டுத் தொழிலாளி வீடு இருக்கிறது, நெசவாளர் வீடு இருக்கிறது. அவர்களுக்கு வரும் ஒரு அரசாங்க அறிவிப்பை எடுத்து, அவர்களுக்குப் புரியும்படி எழுதட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவர்களுக்காக ஒரு மனு எழுதட்டும். படித்துக் காட்டி, "என்ன புரிந்தது?" என்று கேட்கட்டும். புரியவில்லை என்று அந்த வீட்டுக்காரர் சொன்னால் மார்க் கிடையாது. பரீட்சைத் தாளை அவரே திருத்தட்டும்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி, பேங்க், மாநகராட்சி, கலெக்டர் ஆபீஸ் எல்லா இடத்திலும் புரியும்படி சொல்ல ஆள் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருந்தால் போதாது. இதற்கென்று பணியிடம் கேட்டு நாம்தான் மனுப் போட வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு மனு எழுதவா தெரியாது?

அதனால் அடுத்த தடவை ஒரு பிள்ளை விஸ்காம் படிக்கிறேன் என்றால், மார்க்கை விசாரிக்காதீர்கள். வீட்டில் புரியாமல் கிடக்கும் அரசாங்கக் கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதை எனக்கு நாலு வரியில் எழுதிக் கொடு தம்பி" என்று கேளுங்கள்.