எது உங்கள் சிலுவை?



"இதுதான் கர்த்தர் எனக்கு வைத்த சிலுவை" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவருக்குத் தீராத வியாதி சிலுவை. மற்றொருவருக்குக் கடுகடுக்கும் மேலதிகாரி. வேறொருவருக்கோ, பெற்றோரை ஊரில் விட்டு, மொழி தெரியாத நகரத்தில் ஒற்றை அறையில் குடியிருப்பது. இவை மெய்யான பாடுகளே. கர்த்தர் இவற்றை அறிந்திருக்கிறார். ஆனாலும் வேதம் சிலுவை என்று சொல்வது இவற்றைத்தானா?

லூக்கா 9:23ஐத் தியானித்துப் பாருங்கள். சிலுவையை ஒவ்வொரு நாளும் சீஷன் தானே எடுக்கவேண்டும் என்று ஆண்டவர் போதிக்கிறார். நம்மேல் வந்து விழுவது ஒன்று. நாமாகக் குனிந்து எடுப்பது மற்றொன்று. முந்தியது இழப்பு, பிந்தியதே தியாகம். பிள்ளைகளின் ஆகாரத்துக்காக நாம் ஊரை விட்டு வந்தோம், அது குற்றமன்று. பேதுருவும் அந்திரேயாவும் ஆண்டவருக்காக வலைகளை விட்டார்கள். எவ்வளவு விட்டோம் என்பதல்ல, யாருக்காக விட்டோம் என்பதே கேள்வி.

மும்பையிலிருந்து புனே, தவுண்ட் வழியாகச் சென்னைக்கு இரயிலில் வருகிறவர்கள் கேட்காவ் என்னும் சிறிய நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அங்கேதான் பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் இருக்கிறது. 1858இல் பிறந்த அவர், இளவயதிலேயே தாய் தந்தையரைப் பஞ்சத்தில் இழந்தார். 1880இல் சகோதரன் மரித்தார். 1882இல் கணவரும் காலராவில் மரித்தார். 24 வயது நிறையுமுன்னே, கைக்குழந்தையோடு விதவையானார். இவை இழப்புகள், அவர் தெரிந்துகொண்டவை அல்ல.

அவர் தெரிந்துகொண்டது பின்னர் வந்தது. 1878இல் கல்கத்தாவின் அறிஞர்கள் அவருடைய சமஸ்கிருதப் புலமையைக் கண்டு "பண்டிதா", "சரஸ்வதி" என்னும் பட்டங்களை அளித்திருந்தார்கள். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றபோது, அந்த நற்பெயருக்கு என்ன நேரும் என்பதை அவர் அறியாதவரல்லர். விதவைகளுக்காக 1889இல் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கினார். அது புனேக்கு மாறியபின், 1893இல் எதிர்ப்பு மூண்டது. ஆதரித்த பெரியவர்கள் விலகினர். பலர் தங்கள் பெண்களை அழைத்துச் சென்றனர். அவர் பின்வாங்கவில்லை. 1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, பசியின் கொடுமையைச் சிறுவயதிலேயே அறிந்த அந்தத் தாய் அங்கே சென்று, திக்கற்ற பெண்களை அழைத்துவந்தார். நூற்றுக்கணக்கானோர் கேட்காவில் அடைக்கலம் பெற்றனர். 1905இல் முக்தியில் பெரிய எழுப்புதல் உண்டானதை நம் சபைகள் அறியும். அந்த அக்கினிக்கு முன்னே, நற்பெயரைப் பலிபீடத்தில் வைத்த ஆண்டுகள் இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம்.

பிரியமானவர்களே, பணத்தைக் கொடுப்பது எளிது. உறவினர் நடுவில் மதிப்பைக் கொடுப்பது கடினம். உங்கள் மகனின் விவாகப் பேச்சில், "நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள்" என்று சொல்லி வரதட்சணையை வாங்கிக்கொள்வீர்களா? அல்லது, ஊரார் ஏளனம் செய்தாலும் வேண்டாம் என்பீர்களா? விசுவாசக் குடும்பம் வேண்டும் என்று ஜெபித்துவிட்டு, சொந்தச் சாதிக்குள்ளேயே தேடுகிறீர்களா? பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் முதலாளியிடம், வேலை போனாலும் மறுத்துவிடுவீர்களா? வேலை தேடி ஊரிலிருந்து வந்த வாலிபனுக்கு, நெருக்கமான உங்கள் வீட்டில் பாய் விரிக்க இடம் உண்டா? இவற்றுக்காகச் சபை மேடையில் ஒருவரும் சால்வை போர்த்தமாட்டார்கள். சிலுவையோ இங்கேதான் இருக்கிறது.

கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னார் ஆண்டவர் (லூக்கா 14:28). இந்த மாதம் குடும்ப ஜெபத்தில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து, "ஆண்டவருக்காக நாம் இன்னும் விடாதது எது?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். விடை தெரிந்ததும், நாளைக்குத் தள்ளாதிருங்கள். தம்மையே நமக்காக ஒப்புக்கொடுத்தவர் உங்களுக்குப் பெலன் தருவாராக. ஆமென்.