எலுமிச்சம்பழம் போட்ட வேஷம்

ஆங்கிலத்தில் ‘பாஸ் ஆஃப்’ என்றால், ஒன்றை வேறொன்றாகக் காட்டி அடுத்தவர் தலையில் கட்டுவது. சட்டத்திலும் அந்தக் குற்றச்சாட்டுக்கு அதே பெயர்தான்.

இதில் பேர்போன வழக்கு ஒரு பிளாஸ்டிக் எலுமிச்சம்பழத்தைப் பற்றியது. பிரிட்டனில் ‘ஜிஃப்’ எலுமிச்சைச் சாறு 1956 முதல் பழத்தின் வடிவிலேயே மஞ்சள் குப்பியில் விற்றது. அமுக்கினால் சாறு பீய்ச்சும். 1980-களில் அமெரிக்காவின் ‘போர்டன்’ நிறுவனமும் அதேபோல ஒரு குப்பியோடு வந்து நின்றது. லேபிள் வேறு, பெயர் வேறு. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் லேபிளையா படிப்பார்கள்? மஞ்சள் பழத்தைக் கண்டதும் ஜிஃப் என்று எடுத்துக் கூடையில் போட்டுவிடுவார்கள் என்பதுதான் வாதம். 1990-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஜிஃப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகளில் ஒருவர் அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டார். அவர் தயங்கியது நியாயமே. அந்த வடிவத்தை முதலில் உருவாக்கிய எலுமிச்சை மரம் வழக்குப் போடவில்லையே!

சாறு மாறினால் சாலட்தான் கெடும். மருந்து மாறினால்? ‘ஃபால்சிகோ’, ‘ஃபால்சிடாப்’ என்ற மலேரியா மருந்துப் பெயர்கள் மோதிய, காடிலா மருந்து நிறுவனங்களின் வழக்கில், மருந்து என்றால் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்றது இந்திய உச்ச நீதிமன்றம், 2001-இல். டாக்டரின் கோழிக்கிறுக்கலை மருந்துக்கடைப் பையன் படித்தாக வேண்டிய நாடாயிற்றே.