தாடி வைத்த பெண்களின் சர்க்கரை நோய்

1921இல் அஷார், தியேர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முகத்தில் முடி வளரும் பெண்கள் சிலருக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதை அவர்கள் கவனித்திருந்தார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர், தாடி வைத்த பெண்களின் சர்க்கரை நோய். சர்க்கஸ் கூடாரத்து வாசலில் எழுதிப்போட்ட விளம்பரம் மாதிரி ஒரு பெயர். இருந்தாலும் அதற்குள் சர்க்கரை என்ற சொல் இருந்தது. அதே ஆண்டில்தான் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு செய்திகளையும் யாராவது அருகருகே வைத்து யோசித்திருக்கலாம். இந்தப் பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் மிகுவதும் ஆண்ட்ரோஜன் மிகுவதும் தொடர்புடையவை என்று அளந்து காட்ட 1980 ஆயிற்று. இடையில் 59 ஆண்டுகள்.

அவ்வளவு காலமும் ஆராய்ச்சி எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? தாடியையும் கர்ப்பத்தையும். என் புகார் இதுதான்.

எனக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னபோது வயது 23. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த வருடம். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, ஸ்கேன் சென்டர் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அம்மா. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் சொன்னார்: "நீர்க்கட்டி இருக்கு. பயப்படாதீங்கம்மா. காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க. ஒரு குழந்த பொறந்துட்டா எல்லாம் சரியாயிடும்." 27இல் கல்யாணம். மாத்திரைகள், ஊசிகள், தேதி குறித்துப் படுக்கை. 30இல் மகள் பிறந்தாள். அன்றோடு என் கோப்பை மூடிவிட்டார்கள். 41இல் பல் பிடுங்கப் போன இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்று கேட்டார்கள். பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூடச் சர்க்கரை பார்க்கச் சொன்னதில்லை. அந்த முதல் மருத்துவர் கெட்டவர் அல்ல. படித்ததைச் செய்தார். அவர் படித்த புத்தகத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் பெயர். 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தால் என்ற இருவர் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் நின்றுபோய், சினைப்பைகள் பெருத்திருந்த ஏழு பேர். சினைப்பையில் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். எல்லோருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். வெற்றி. பிரச்சினை சினைப்பையில் இருக்கிறது, தீர்வு கருவில் இருக்கிறது என்ற கதைக்கு அங்கே நல்ல அடித்தளம் கிடைத்தது. பெயரும் அங்கிருந்தே வளர்ந்து பாலிசிஸ்டிக் ஓவரி ஆயிற்று. தமிழில் சினைப்பை நீர்க்கட்டி ஆயிற்று. தமிழ் வாத்தியார் என்ற முறையில் எனக்கு இந்தக் 'கட்டி'மேல் தீராத கோபம் உண்டு. அது கட்டியே அல்ல. மாதாமாதம் வளரத் தொடங்கி, முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைகளின் சின்னஞ்சிறு குமிழிகள். அறுத்தெடுக்கவோ கரைக்கவோ அதில் ஒன்றுமில்லை. ஆனால் கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் நம் அம்மாக்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. 'கட்டியைக் கரைக்கும்' பொடியை 2,000 ரூபாய்க்கு வாங்கிவிடுகிறார்கள். இந்தப் பெயர் குழப்புகிறது, மாற்றுங்கள் என்று 2012இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே சொன்னது.

உண்மையில் நடப்பது உடல் முழுக்க நடக்கிறது. நம்மில் பலருக்குத் தசையும் கொழுப்பும் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது. எனவே மாதவிடாய் தவறுவது கதையின் நடுப்பக்கம். மருத்துவம் அதை முதல் பக்கம் என்று வாசித்தது. குழந்தை பிறப்பதைக் கடைசிப் பக்கம் என்று முடித்துக்கொண்டது.

அடுத்து ஆய்வகம். டெஸ்டோஸ்டிரோனை ஆண் ஹார்மோன் என்கிறோம். பெண்ணின் இரத்தத்தில் மாதத்தின் பெரும்பாலான நாட்களில் எஸ்ட்ரடையாலைவிட டெஸ்டோஸ்டிரோன்தான் அதிகம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆணோடு ஒப்பிட்டால் நம்மிடம் இருப்பது மிகக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறைந்த அளவைத் துல்லியமாக அளக்க, பரவலாகப் புழங்கிய சோதனை முறைகளால் முடியவில்லை. மூட்டை தூக்கிப் பழகிய தராசில் மூக்குத்தியை நிறுத்தார்கள். 2003இல் கிளினிக்கல் கெமிஸ்ட்ரி என்ற ஆய்விதழின் தலையங்கம் தலைப்பிலேயே கேட்டது: பெண்களிடம் செய்யும் இந்தச் சோதனை, குத்துமதிப்பாகச் சொல்வதைவிட மேலானதா? மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற துல்லியமான முறை இருக்கிறது. செலவு கூடுதல். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் எந்த முறையில் அளந்தார்கள் என்று பாருங்கள். குத்துமதிப்புக்குக் காசு கொடுத்திருப்போம்.

இரத்தத்தை அளக்கத் தடுமாறியவர்கள் முடியை மட்டும் அக்கறையாக அளந்தார்கள். 1961இல் லண்டனில் ஃபெர்ரிமன், கால்வே இருவரும் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். இன்று புழங்கும் வடிவத்தில் மேலுதடு, தாடை, மார்பு, வயிறு, தொடை என்று ஒன்பது இடங்கள். இடத்துக்கு 0 முதல் 4 வரை. மொத்தம் 36. எட்டு வாங்கினால் நீங்கள் நோயாளி. 40 தாள் திருத்தும் எனக்கே இந்த மதிப்பெண் முறை கூச்சமாக இருக்கிறது. இனத்துக்கு இனம் முடி வேறுபடும், 4 முதல் 6 வரையேகூடப் போதும் என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்ல 2018 ஆயிற்று.

இனி மருந்துகள். மெட்ஃபார்மின் சர்க்கரை நோயிலிருந்து வந்தது. ஸ்பைரோனோலாக்டோன் நீர் பிரிய வைக்கும் மருந்தாக வந்தது. லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய் மருந்து. கருத்தடை மாத்திரை, பெயரே சொல்கிறது. ஏறத்தாழப் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிற நோய்க்கு, எல்லாமே இரவல்.

பெரிய ஆய்வுகளே நடக்கவில்லையா என்றால், நடந்தன. 2007இல் 626 பெண்களிடம் குளோமிஃபீனையும் மெட்ஃபார்மினையும் ஒப்பிட்டார்கள். 2014இல் 750 பெண்களிடம் லெட்ரோசோலையும் குளோமிஃபீனையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் நேர்மையான, கவனமான ஆய்வுகள். இரண்டிலும் முதன்மையாக எண்ணப்பட்டது ஒன்றே: உயிருடன் பிறந்த குழந்தைகள். லெட்ரோசோலில் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1. சரி, நல்ல செய்தி. குழந்தைக்காக ஏங்கிய பெண்ணின் ஏக்கத்தை நான் கேலி செய்யவில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவள். என் கேள்வி அடுத்த வரிசையைப் பற்றியது. அந்தப் பெண்களுக்கு 50 வயதாகும்போது இதயம் எப்படி இருக்கும் என்று கேட்கும் ஆய்வுக்கு ஏன் இதே பணமும் இதே பொறுமையும் இல்லை? குழந்தை வேண்டாம் என்றவள், கல்யாணமே வேண்டாம் என்றவள், பெண்ணைக் காதலிப்பவள், இவர்கள் எந்த ஆய்வின் எந்தப் பத்தியில் வருகிறார்கள்?

"பெண்கள் குழந்தை கேட்டுத்தானே வருகிறார்கள்? கேட்டதைத்தானே ஆராய முடியும்?" என்று ஒரு மருத்துவத் தோழி என்னிடம் கேட்டார். கேட்க அனுமதிக்கப்பட்ட ஒன்றைத்தான் கேட்கிறோம், தோழி. சர்க்கரை இருக்கலாம் என்று 23 வயதில் தெரிந்திருந்தால் அதையும் கேட்டிருப்பேன்.

கருத்தடை மாத்திரைபற்றி ஒரு சொல். "பீரியட்ஸ் ரெகுலர் ஆகும்" என்று 21 நாளைக்குத் தருகிறார்களே, அதில் வருவது நம் மாதவிடாய் அல்ல. மாத்திரையை நிறுத்தியதும் வரும் உதிரம். அதற்கும் பயன் உண்டு: மாதக்கணக்கில் உதிராமல் கருப்பையின் உட்சுவர் தடித்துப்போவதைத் தடுக்கிறது, புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கிறது. ஆகவே என் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கியெறிய வேண்டாம். ஆனால் இதை விளக்கிச் சொன்னால் என்ன குறைந்துபோகும்? சொல்லாமலிருப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம். 1956இல் புவெர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் இந்த மாத்திரையைச் சோதித்தபோது, 17 சதவீதம் பேருக்குத் தலைசுற்றல், குமட்டல், தலைவலி என்று அங்கிருந்த பெண் மருத்துவர் எடிரிஸ் ரைஸ்-ரே எழுதினார். மனப்பிரமை என்று ஆண்கள் ஒதுக்கினார்கள். 1980களில் ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், சோதனை என்று விளங்கச் சொல்லாமலே நெட்-என் ஹார்மோன் ஊசிக்குப் பெண்களைத் திரட்டினார்கள். ஸ்திரீ சக்தி சங்கடனா தோழர்கள் அங்கே போய்ப் பெண்களிடம் விளக்கினார்கள். பல பெண்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். 1986இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நம் முன்னோடிகள் அறிவியலை வெறுத்தவர்கள் அல்ல. எதற்காக, யார்மீது என்று கேட்டவர்கள்.

போன வருடம் என் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் நின்றாள். தாடையில் துப்பட்டா. "அம்மா, கல்யாணம் ஆனா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாங்க. எனக்கு எம்.ஏ. படிக்கணும்." விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்: வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார். இரத்த அழுத்தம், கொழுப்பு பார். மனச்சோர்வு இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல். அதைக் கேட்டறிவது அவர்களின் கடமை என்று வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மருத்துவர் முதலில் சிரித்தாராம், பிறகு எழுதிக்கொடுத்தாராம். ரிசல்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு மணி நேரத்து அளவு 162. 140க்குள் இருக்க வேண்டியது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. இதை எழுதிக்கொள்ள அவள்தான் அனுமதி தந்தாள்.

அவளுக்கு வயது 20. எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள்.