காலப்பெட்டியில் ஏறிய டெஸ்லா



இந்த மாத இதழ் முழுக்கக் கண்டுபிடிப்பாளர்கள்தான். கட்டுரைகள் குவிந்துவிட்டதால் என் பக்கத்தையும் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. ஆகவே கொஞ்சம் தொலைக்காட்சி பேசலாம் என்று துணிந்துவிட்டேன். அறிவியல் பத்திரிகை நடத்துகிறவருக்கு, தேள் உருவத்தில் வேற்றுக்கிரகவாசிகள் வருகிற தொடரோடு என்ன வேலை என்று முகம் சுளிக்கிறவர்கள் சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடங்கியது 1963 நவம்பர் 23 அன்று. நீலநிற போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போய்வருகிற ஒரு டாக்டரின் கதை. பிள்ளைகளுக்குச் சரித்திரமும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் அன்றைய நோக்கம். அதனால்தான் டாக்டரோடு முதலில் கிளம்பியவர்களில் ஒருவர் சரித்திர ஆசிரியை, இன்னொருவர் அறிவியல் ஆசிரியர். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர். மறு ஆண்டே மார்க்கோ போலோ வந்தார். 1985இல் ரயில் என்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீவன்சன் வந்தார். 2020 ஜனவரி 19 அன்று நிகோலா டெஸ்லாவின் முறை.

‘நிகோலா டெஸ்லாஸ் நைட் ஆஃப் டெரர்’ என்பது அத்தியாயத்தின் பெயர். எழுதியவர் நீனா மெதிவியே, இயக்கியவர் நிடா மன்சூர். கதை நடப்பது 1903இல். நயாகரா அருவிக்கரையில் நின்று டெஸ்லா முதலீட்டாளர்களிடம் தன் கனவை விளக்குகிறார். கேட்டவர்கள் கைவிரித்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். பிறகு பச்சை ஒளியோடு மிதக்கும் ஒரு கோளம், இருட்டில் ஒரு துரத்தல், ரயில், நியூயார்க், நடுவில் தாமஸ் எடிசன். துரத்துகிறவர்கள் ஸ்கித்ரா என்ற தேள் கூட்டம். சொந்தமாக ஒரு திருகாணிகூடச் செய்யத் தெரியாதவர்கள். அவர்கள் கப்பலே ஊர் ஊராகத் திருடிய பாகங்களைக் கோத்தது. அதைப் பழுதுபார்க்க ஒரு பொறியாளர் வேண்டும், அதற்குத்தான் டெஸ்லா.

டெஸ்லாவாக நடித்தவர் கோரன் விஸ்னிச். டெஸ்லா பிறந்த சுமில்யான் கிராமம் இருக்கிற அதே குரோஷியாவின் மைந்தர். ஆகையால் அந்த உச்சரிப்புக்கு அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்குப் பிடித்தது கற்பனையை எங்கே நட்டார்கள் என்பதுதான். 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் மலையூரில் சோதனை செய்துகொண்டிருந்தபோது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறாற்போலச் சில சமிக்ஞைகள் தன் கருவியில் விழுந்ததாக டெஸ்லா நம்பினார். வேறொரு கிரகத்திலிருந்து வந்த வணக்கமாக இருக்கலாம் என்று 1901இல் ‘காலியர்ஸ்’ வார இதழில் எழுதியும்விட்டார். ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் கதாசிரியை கையில் எடுக்கிறார்: ஐயா, நீங்கள் கேட்டது சரிதான், ஆனால் வந்தவர்கள் நல்லவர்கள் இல்லை!

கடைசிச் சண்டை நடக்கும் வார்டன்கிளிஃப் கோபுரமும் நிஜம். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், வங்கியாளர் ஜே.பி. மார்கன் கொடுத்த 1,50,000 டாலரை வைத்து 1901இல் வேலை தொடங்கியது. உயரம் 187 அடி, உச்சியில் காளான் குடை போன்ற கவிகை. 1903 ஜூலையில் ஓரிரவு அதிலிருந்து மின்னல் கீற்றுகள் பறந்ததாக அன்றைய நியூயார்க் பத்திரிகை செய்தி போட்டது. அத்தியாயத்திலோ டாக்டரின் பெட்டியோடு கோபுரத்தை இணைத்து, எதிரியின் கப்பல்மீது மின்னலை ஏவுகிறார்கள். செய்தித்தாளின் மூலையில் கிடந்த ஒரு துணுக்கை இவ்வளவு லாபத்தோடு யாரும் பயன்படுத்தியதில்லை.

ஒரு சின்னக் காலப்பிழையும் உண்டு. டெஸ்லாவின் உதவியாளராக வரும் டோரதி ஸ்கெரிட் நிஜமானவர், ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்தது பல ஆண்டு கழித்து. 1903இல் கணக்கையும் கடிதத்தையும் கவனித்தவர் ஜார்ஜ் ஷெர்ஃப். காலயந்திரம் ஓடுகிற கதையில் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. தன்னந்தனி மேதை என்ற படத்தை அந்தப் பெண் கொஞ்சம் கலைத்துவிடுகிறார், அதற்காகவே மன்னித்துவிடலாம்.

எடிசன் விஷயத்துக்கு வருவோம். டெஸ்லாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் வலம்வருகிற கதைகளில் எடிசன் பச்சை வில்லன். 50,000 டாலர் தருவதாகச் சொல்லி ஏமாற்றினார் என்பது அவற்றில் பிரபலமானது. 1919இல் டெஸ்லா எழுதிய தன்வரலாற்றிலோ, அந்த வாக்கைக் கொடுத்தவர் எடிசன் இல்லை, ஒரு மேலாளர். இன்னொன்று: அமெரிக்க மின்பொறியாளர் கழகம் அன்று வழங்கிய எடிசன் பதக்கத்தை 1917இல் டெஸ்லா வாங்கிக்கொண்டார். ராபர்ட் கிளெனிஸ்டர் நடித்த எடிசன் கறாரான வியாபாரி, தலைக்கனக்காரர். ஆனாலும் தன் பட்டறைத் தொழிலாளிகள் கொல்லப்பட்டதும் ஆடிப்போகிறார். அந்த அளவுக்கு மனிதராக விட்டுவைத்ததற்கு நன்றி.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. அடுத்தவர் உழைப்பைத் திருடுகிறவர்களே எதிரிகள் என்று கதை போகும்போது, டெஸ்லா தோற்றதும் திருட்டால்தான் என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் ஒட்டிக்கொள்கிறது. அவர் சறுக்கியது பணத்திலும் இயற்பியலிலும். மார்கன் பணம் போட்டது அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கம்பியில்லாத் தந்தி அனுப்ப. 1901 டிசம்பரில் மார்க்கோனி அதைவிட எளிய கருவிகளைக்கொண்டு அதைச் செய்ததாக அறிவித்துவிட்டார். கம்பியில்லாமல் மின்சாரத்தையே அனுப்புவேன் என்று டெஸ்லா அடுத்த திட்டத்தைச் சொன்னபோது மார்கன் மேற்கொண்டு காசு தரவில்லை. சதி என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. பூமியையே கம்பியாக்கி ஊர் ஊராக மின்சாரம் அனுப்பும் யோசனையும் அவர் நினைத்தபடி வேலை செய்திருக்காது. மாறாக, 1888இல் காப்புரிமை பெற்ற அவருடைய மாறுதிசை மின்னோட்ட மோட்டார் வென்றது. த்ரீ பேஸ் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மோட்டார் போட ஓடுகிற நம் விவசாயியின் பம்புசெட்டில் சுழல்வது அதன் வாரிசுதான்.

முடிவுக்காகத்தான் இந்த அத்தியாயத்தைச் சிபாரிசு செய்கிறேன். இதற்கு இரண்டு வாரம் முன்பு வந்த அத்தியாயத்தில் கணிதவியலாளர் ஏடா லவ்லேஸும், திப்பு சுல்தான் வம்சத்து நூர் இனாயத் கானும் டாக்டரைச் சந்தித்த நினைவையே இழக்கிறார்கள். 2010இல் வான்கோவைப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கே அழைத்துப்போய், உலகம் தன்னைக் கொண்டாடுவதைப் பார்க்கவைத்தார்கள். நானும் அழுதேன், மறுக்கவில்லை. டெஸ்லாவுக்கு இரண்டும் இல்லை. நினைவு அழிக்கப்படவில்லை, எதிர்காலமும் காட்டப்படவில்லை. இனியாவது இவர் புகழ் பெறுவாரா என்று டாக்டரின் தோழி யாஸ் கேட்க, இல்லை, கையில் காசில்லாமல்தான் சாவார் என்கிறார் டாக்டர். நடந்ததும் அதுதான். கோபுரம் 1917இல் இடிக்கப்பட்டது, அவர் பதக்கம் வாங்கிய அதே ஆண்டு. 1943 ஜனவரியில் நியூயார்க்கர் ஹோட்டலின் 33ஆம் மாடி அறையில் டெஸ்லா இறந்தார். உலகத்தைக் காப்பாற்றிய மறுநாளும் அந்த மனிதருக்குக் கடன் கடனாகவே இருக்கிறது என்று சொல்ல ஒரு பொழுதுபோக்குத் தொடருக்குத் துணிச்சல் வேண்டும்.

1960இல் காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஸ்கேன் சென்டர் வாசலில் ‘1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ.’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள், அவரேதான்.

கம்பியில்லா மின்சாரம் டெஸ்லா சொன்ன விதத்தில் ஏன் நடக்காது என்று ஒரு இயற்பியல் பேராசிரியர் இந்த இதழில் கணக்குப் போட்டே விளக்கியிருக்கிறார். சமன்பாட்டைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், பிளஸ் டூ இயற்பியல் போதும். மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள், வெளியிடுகிறோம். வாட்ஸ்அப் ஃபார்வர்டை மட்டும் ஆதாரமாக இணைக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்